ஆடுகளத்தில் ஒரு மணி நேரம்

பெரியகுளம், கோடைக்கானல் மலையின் அடிவாரத்தே, வராக நதியின் கரையில் அமைந்த ஊர். தேனி மாவட்டத்தின் மாந்தோப்புகளைப் பற்றிப் பேசுவோர் முதலில் இவ்வூரையே கூறுவர். மாங்கனியின் மணம் கடைத்தெருவெங்கும் கமழும் மே மாதத்தில் இங்கே ஆண்டுதோறும் ஒரு விழா நிகழ்வதுண்டு. அது கோயில் விழா அன்று, கூடைப்பந்து விழா. சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் கழகத்தார், பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவாக நெடுங்காலமாக நடத்திவரும் அனைத்திந்தியப் போட்டி அது. படைத்துறையினரும் வங்கியினரும் பிற நிறுவனத்தாரும் தத்தம் குழுக்களை அனுப்புவர். மின்விளக்கொளியில் இரவு நெடுநேரம் ஆட்டம் நடைபெறும். வயல் வேலை முடித்து வந்த உழவரும், கடை கட்டி வந்த வணிகரும், தந்தையின் தோளேறி வந்த சிறுவரும் கண்கொட்டாமல் பார்த்து நிற்பர்.

காண்போர் கண்ணுக்கு ஆட்டம் புலப்படும். அதன் பின்னேயுள்ள பயிற்சி புலப்படாது. மூவர் கைமாறி வந்த பந்தை நான்காமவன் நோக்காமலே வாங்கி வளையத்தில் இடுகிறான். அவன் அவ்விடத்தில் நிற்பான் என்பது மற்ற மூவருக்கும் எவ்வாறு தெரிந்தது? அது கருவிலே வாய்த்த திறன் என்று வியந்து, கைதட்டிவிட்டு வீடு திரும்புவோரே பலர். அத்திறன் ஏதோ ஒரு களத்தில், யாரோ ஒரு பயிற்றுநர், இன்ன நாளில் இன்னது என்று வகுத்துக்கொண்டு பலநூறு முறை செய்வித்ததன் விளைவு என்று எண்ணுவோர் சிலரே.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் இவ்விழாவின் பயனைக் காணலாம். பெரியகுளம் தொடங்கிக் கம்பம், கூடலூர் வரையிலும் உள்ள பள்ளிகளில், பந்தாட வேண்டும் என்னும் வேட்கை மாணவரிடம் பெருகும். மாலை மணி அடித்ததும் நாற்பது பேர் களத்தில் வந்து நிற்பர். களத்தில் வளையம் ஒன்று, பந்தும் ஒன்று. ஆசிரியர் விசில் ஊதுவார். எல்லாரும் வரிசையில் நிற்பர். ஒருவர்பின் ஒருவராக வளையத்தை நோக்கிப் பந்தை எறிவர். பார்வைக்கு இது பயிற்சி போலவே தோன்றும்.

சற்றே கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒருவன் எறிந்து, பந்து தரையில் உருண்டு, அதனை எடுத்து அடுத்தவன் கையில் கொடுப்பதற்குப் பதினைந்து நொடியாகிறது என்று கொள்க. ஒரு நிமிடத்தில் நான்கு எறிதல்கள். பெயர் அழைப்பதற்குப் பத்து நிமிடமும், களத்தைச் சுற்றி ஓடுவதற்குப் பத்து நிமிடமும் போக, ஒரு மணியில் எஞ்சுவது நாற்பது நிமிடம். அதற்குள் 160 எறிதல்களே இயலும். நாற்பது பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு நான்கு. அஃதாவது, நாற்பது நிமிடத்தில் ஒரு மாணவன் பயின்றது ஒரு நிமிடம். நின்றது முப்பத்தொன்பது நிமிடம். ஓர் ஆண்டு முழுதும் இவ்வாறு நின்றவன், தனக்கு ஆட்டம் வரவில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுவான். அவனுக்கு ஆட்டம் வரவில்லை என்பது பொருந்தாது. பந்து வரவில்லை என்பதே பொருந்தும்.

இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஒரு மணியின் விலை மிகப் பெரிது. தாயும் தந்தையும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலை கடந்து ஏலத்தோட்டத்து வேலைக்குச் செல்லும் வீடுகள் இங்குப் பல. அவ்வீட்டுப் பிள்ளைகள் மாலையில் தண்ணீர் பிடிக்க வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொலைவிலுள்ள சிற்றூருக்குச் செல்லும் பேருந்து தவறின் அடுத்த பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பெண்மக்களுக்கோ, மாலையில் களத்தில் நிற்பதற்கு வீட்டாரிடம் இசைவு பெறுவதே ஒரு போராட்டம். இத்தனையும் கடந்து ஒரு மாணவி ஒரு மணி நேரத்தைக் கொண்டுவந்து ஆசிரியர் கையில் கொடுக்கிறாள். அதில் முப்பத்தொன்பது நிமிடத்தை வரிசையில் நிற்கவைத்துக் கழிப்பது முறையாகுமா?

திட்டமிடல் என்பது புதிய சரக்கு அன்று. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் அதனை நன்கு அறிவர். 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே இறங்கிவந்து, இங்குள்ள நெல்வயல்களை இருபோகம் விளையச் செய்கிறது. மழை உரிய காலத்தில் பெய்து அணையில் நீர் இருப்பின், முதற் போகத்திற்கு ஜூன் மாதத் தொடக்கத்தில் நீர் திறப்பது வழக்கம். நீர் வந்த பிறகு விதையைத் தேடும் உழவன் ஒருவனும் இல்லை. நாற்றங்கால் எங்கே, நாற்றின் வயது எத்தனை நாள், எந்த வயலுக்கு எப்போது முறை என்பதெல்லாம் அவன் மனத்தில் முன்பே அமைந்திருக்கும். களத்திற்கு வந்து நின்றபின், இன்று என்ன செய்யலாம் என்று தாடையைத் தடவும் பயிற்றுநர், அவ்வுழவனிடம் ஒரு நாள் பாடம் கேட்கலாம்.

தமிழ் நூலோரும் இதனைக் கூறாமல் விட்டாரல்லர். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையை விளக்குகிறார். காலத்தையும் இடத்தையும் ஆராய்ந்து, சொல்லப்போகும் பொருளை முன்னரே உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு, பதற்றமும் சினமும் இன்றி, மலர்ந்த முகத்தோடு, கற்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் இலக்கணம் கற்பிப்பாரை எண்ணிக் கூறினார். எனினும் விசிலைக் கழுத்தில் மாட்டியிருக்கும் ஆசிரியருக்கு இதனினும் பொருத்தமான அறிவுரை கிடைத்தல் அரிது. முன்னாளில் மக்கள் 'டிரில் வாத்தியார்' என்றழைத்த அவரும் வாத்தியாரே அன்றோ?

கூடைப்பந்து என்னும் ஆட்டம் பிறந்த வரலாற்றை நோக்கினும் இது தெளிவாகும். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு தொல்லை நேர்ந்தது. குளிர்காலம், வெளியே ஆட இயலாது, உள்ளே செய்யும் பயிற்சிகளோ மாணவருக்குச் சலிப்பூட்டின. அடங்காத அவ்வகுப்பை ஆள்வதற்கு ஒரு வழி காணுமாறு மேலோர் பணித்தனர். அவர் எண்ணியெண்ணி, பதின்மூன்று விதிகளை எழுதி, பீச் என்னும் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, வகுப்பிலிருந்த பதினெண்மரையும் ஒன்பதின்மராக இருபாலாகப் பிரித்து ஆடவிட்டார். கூடையில் விழுந்த பந்தை எடுக்க ஒருவர் ஏணியில் ஏற வேண்டியிருந்ததாம்! ஆயினும் அன்று வகுப்பிலிருந்த எவரும் வெளியே நிற்கவில்லை என்பதே கருதத்தக்கது. இன்று உலகெலாம் பரவியுள்ள ஓர் ஆட்டம், ஓர் ஆசிரியர் தம் வகுப்புக்காக வகுத்த திட்டத்திலே பிறந்தது. தமிழ்நாட்டில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதன் நோக்கமும், உடற்கல்வி ஆசிரியர்க்கும் ஏனைய ஆசிரியரைப் போலவே முறையான பயிற்சி வேண்டும் என்பதேயாகும்.

பயிற்சித் திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் மறவாது குறிப்பிடும் பெயர் ஜான் வுடன் என்பது. அவர் முதலில் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்றுநர் ஆனார். 1964 முதல் 1975 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளில் அவருடைய குழு பத்து முறை அந்நாட்டுக் கல்லூரிகளின் வாகையர் பட்டம் பெற்றது. அவர் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயிற்சியைத் திட்டமிடுவதற்குக் காலையில் ஏறத்தாழ அவ்வளவு நேரத்தையே செலவிட்டார். எந்த நிமிடத்தில் எந்தப் பயிற்சி, எந்த மூலையில் எவர், எத்தனை பந்து என்பதையெல்லாம் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அக்குறிப்புகளைக் களைந்துவிடாமல் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டு எடுத்து ஒப்பிட்டும் பார்ப்பார். ஆண்டின் முதற் பயிற்சியில் அவர் கற்பித்தது எறிதலன்று. காலுறையைச் சுருக்கமின்றி அணியும் முறை! சுருக்கம் விழுந்தால் பாதத்தில் கொப்புளம் எழும். கொப்புளம் எழுந்தால் பயிற்சி கெடும். இதனைக் கேட்டு நகைப்போர், வெறுங்காலோடு வெயிலில் காய்ந்த களத்தில் ஓடும் நம் பிள்ளைகளின் கால்களை ஒருமுறை பார்ப்பது நலம்.

1974-75-ஆம் ஆண்டுப் பருவத்தில் ரோலண்டு தார்ப், ரொனால்டு கேலிமோர் என்னும் உளவியல் அறிஞர் இருவர் வுடனுடைய பயிற்சி வேளைகள் பதினைந்தில் அமர்ந்து, அவர் கற்பித்த செயல்களையும் சொற்களையும் ஒவ்வொன்றாகக் குறித்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அக்குறிப்புகளில் சரிபாதி, எதனை எவ்வாறு செய்வது என்னும் நேரான அறிவுரையாக இருந்தது. வெறும் புகழ்ச்சி நூற்றுக்கு ஏழு அளவே. ஒருவன் தவறினால் நீண்ட உரை நிகழ்த்தமாட்டார். சரியான முறையைச் செய்துகாட்டி, அவன் செய்த தவற்றையும் செய்துகாட்டி, மீண்டும் சரியானதையே செய்துகாட்டுவார். அது சில நொடிகளில் முடிந்துவிடும். பேச்சு மிகுந்த களத்தில் பயிற்சி குறையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இனித் திட்டத்தில் இடம்பெற வேண்டியது யாது? இங்கே பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. ஒரே இடத்தில் நின்று ஒரே வகையாக ஐம்பது முறை எறியும் மாணவன், ஐம்பதாவது எறிதலில் மிக நன்றாக எறிவான். ஆசிரியர் மகிழ்வார், மாணவனும் மகிழ்வான். மறுநாள் போட்டியில் வேறிடத்தில் நின்று எறிய நேரின் அத்திறன் எங்கோ மறைந்துவிடும். 1978-இல் கெர், பூத் என்னும் அறிஞர் இருவர் எட்டு வயதுச் சிறுவரைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். இலக்கை நோக்கிச் சிறு பையை எறிவதே ஆட்டம். ஒரு சாரார் மூன்றடித் தொலைவிலிருந்தே எறிந்து பழகினர். மற்றொரு சாரார் இரண்டடியிலிருந்தும் நான்கடியிலிருந்தும் எறிந்து பழகினர். மூன்றடியில் பழகவே இல்லை. இறுதியில் எல்லாரையும் மூன்றடியிலிருந்து எறியச் சொன்னபோது, அத்தொலைவில் பழகாதவரே குறி தவறாமல் எறிந்தனர்! மாற்றி மாற்றிப் பழகும் பயிற்சி, பழகும்பொழுது கரடுமுரடாகத் தோன்றும். தவறுகள் மிகுதியாக நிகழும். ஆயினும் அதுவே கையில் நிலைக்கும். பயிற்சியின் அழகு அன்று மாலை தெரிவதில்லை. ஒரு வாரம் கழிந்தே தெரியும். பார்க்க வந்த பெரியோர் முன்னிலையில் பிழையின்றி நிகழும் பயிற்சியை விரும்பும் ஆசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காலத்தைப் பகுப்பதிலும் இத்தகைய மயக்கம் உண்டு. அதே 1978-இல் இங்கிலாந்தின் அஞ்சல் ஊழியர் தட்டெழுத்துப் பொறியில் பழகியதை ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பழகியவர், நான்கு மணி நேரம் பழகியவரைவிடக் குறைந்த மொத்த மணிகளில் அத்தொழிலைக் கற்றனர். வியப்பு யாதெனில், தம் பயிற்சியைக் குறித்து நிறைவு குறைந்தவர்களும் அவர்களே! நாட்கள் மிகுதியாகச் செல்கின்றனவே என்று அவர்கள் வருந்தினர். போட்டிக்கு முந்திய ஞாயிறன்று காலைமுதல் மாலைவரை பிள்ளைகளை ஆட்டி எடுத்துவிட்டு, மற்ற நாட்களில் களத்தைப் பூட்டி வைக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. தேனியின் கோடை வெயிலில் அது பயனற்றது மட்டுமன்று, தீங்கும் ஆகும். வெப்பம் மிகுந்த நாட்களில் நிழலும் குடிநீரும் ஓய்வும் திட்டத்தின் உறுப்புகளே.

இடத்தை அறிதலும் வேண்டும். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து அமைந்திருத்தலைத் தமிழ் கற்றோர் அறிவர். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய் வழியே இப்பள்ளத்தாக்கில் புகும் காற்று, காற்றாலைகளைச் சுழற்றும் வலிமையுடையது. திறந்த வெளியிலுள்ள களத்தில் அந்நாளில் வளையத்தை நோக்கி எறியும் பந்து காற்றின் விருப்பப்படியே செல்லும். அம்மாதங்களில் பந்தைத் தரையில் தட்டிச் செல்லுதல், நெருங்கி நின்று கைமாற்றுதல், பந்தே இன்றி எதிரியை மறித்துக் காலடி வைத்தல் ஆகியவற்றைப் பயிற்றலாம். எறிதலை ஐப்பசிக்குப் பிந்திய அமைதியான மாலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். அயலூர்ப் புத்தகம் ஒன்றிலிருந்து படியெடுத்த திட்டத்தில் ஆடிக்காற்றுக்கு இடம் இராது.

பந்து ஒன்றே இருக்கும்பொழுது திட்டம் எதற்கு என்று கேட்போரும் உளர். பந்து நூறு இருக்கும் களத்தைவிட ஒன்றே இருக்கும் களத்திற்கே திட்டம் மிகுதியாக வேண்டும். தோல் தேய்ந்த பழைய பந்தாயினும் நான்கு சேர்த்துக்கொண்டு, நாற்பது பேரையும் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, எதிரெதிராக இரு வரிசையில் நிறுத்திக் கைமாற்றச் செய்தால், மூன்று நொடிக்கு ஒருமுறை பந்து கைமாறும். பத்து நிமிடத்தில் ஒவ்வொருவர் கைக்கும் இருபது முறை பந்து வந்து சேரும். முன்பு நாற்பது நிமிடத்தில் நான்கு முறை. இப்போது பத்து நிமிடத்தில் இருபது முறை. நான்கு பந்தும் கிடைக்காத பள்ளியில் ஒரு குழு பந்தோடும், மற்றக் குழுக்கள் காலடி, குதித்தல், மறித்தல் ஆகிய பயிற்சிகளோடும் இருந்து, விசில் ஊதியதும் இடம் மாறலாம். சடுகுடுவுக்கோ பந்தே வேண்டுவதில்லை. அங்கும் ஒருவன் பாடிச் செல்ல முப்பதின்மர் வேடிக்கை பார்ப்பதைத் திட்டமின்மை என்றே கூற வேண்டும்.

தவறு செய்தவனைக் களத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. ஓட்டம் உடலுக்கு உரம் தருவது. அதனைத் தண்டனையாக்கினால் மாணவன் ஓட்டத்தையே வெறுப்பான். தமிழாசிரியர் ஒருவர், பிழை செய்த மாணவனுக்குச் செய்யுள் மனப்பாடத்தைத் தண்டனையாக விதித்துச் செய்யுளையே வெறுக்கச் செய்வதற்கு இது ஒப்பாகும். மேலும், பத்துச் சுற்று ஓடி முடிந்தபின்னும் அவன் செய்த தவறு திருந்தாமல் அப்படியே இருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை மற்றொன்று. நாற்பது பேரில் திறமுடைய பதின்மரைப் பொறுக்கியெடுத்து, அவர்க்கே பந்தும் நேரமும் கொடுத்து, மற்றவரைச் சுண்ணாம்புக் கோடு போடவும் தண்ணீர்க் குடம் சுமக்கவும் விடும் பயிற்றுநர் உண்டு. கோப்பை வேண்டும் என்னும் ஆசையே அதற்குக் காரணம். ஒன்பதாம் வகுப்பில் குள்ளமாக நிற்பவன் பதினொன்றாம் வகுப்பில் எவ்வளவு உயர்வான் என்பதை யார் அறிவார்? அன்றியும், கற்பதற்கு நன்னூலார் கூறும் கணக்கு ஒன்று உண்டு: ஆசிரியர் சொல்வதைச் செவ்வனே கேட்டவன் பெறுவது கால் பங்கே, உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும், எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வந்து நிறையும். இதன்படி நோக்கின், அந்தப் பதின்மர் தம் அரைப்பங்கை அடைவதற்கே மற்ற முப்பதின்மர் வேண்டும். திறமுடைய மாணவி ஒருத்தியிடம் புதியவர் மூவரைக் கொடுத்து, பத்து நிமிடம் கற்பிக்கச் சொல்லட்டும். மணிக்கட்டை எவ்வாறு மடக்குவது என்று பிறர்க்கு விளக்க முயலும்போதுதான் தன் மணிக்கட்டு எவ்வாறு மடங்குகிறது என்பதை அவள் முதன்முதலாகக் கவனிப்பாள்.

தேர்வு நெருங்கினால் விளையாட்டு வேளையைப் பிற பாடங்கள் விழுங்கிவிடுகின்றன என்னும் முறையீடு பல பள்ளிகளில் கேட்கப்படுகிறது. முறையீடு நியாயமானதே. ஆயினும், நாற்பது பேர் நின்றுகொண்டிருக்கும் ஒரு மணியை எவரும் எளிதில் எடுத்துக்கொள்வர். இன்ன நிமிடத்தில் இன்னது என்று எழுதிய தாளைத் தலைமையாசிரியரின் மேசைமேல் வைத்து, இதில் எதனை எடுக்கலாம் என்று கேட்கும் ஆசிரியரிடமிருந்து அதனை எடுப்பது அவ்வளவு எளிதன்று.

அத்தாள் பெரிதாக இருக்க வேண்டுவதில்லை. முதல் எட்டு நிமிடம், பந்தைத் தட்டியவாறே மெல்ல ஓடி உடலைச் சூடேற்றுதல்; அவ்வோட்டத்தினூடே பெயர்க்கணக்கும் முடிந்துவிடும். அடுத்து முந்தின நாள் பயின்றதை ஐந்து நிமிடம் நினைவூட்டல். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழம்பாடம் ஒப்பித்ததைப் போன்றது அது. பின்னர்ப் புதியதாக ஒன்று, ஒன்றே ஒன்று, பன்னிரண்டு நிமிடம். அதன்பின் ஐந்து நிமிடம் நீர் அருந்தலும் நிழலும். பிறகு மூவர்க்கு மூவராக அரைக்களத்தில் இருபது நிமிடம் ஆட்டம்; அன்று கற்ற புதியதைப் பயன்படுத்தியவர்க்கு ஒரு புள்ளி மிகுதி. கடைசி ஐந்து நிமிடம், களைத்த கைகளோடு வெவ்வேறு இடங்களில் நின்று எறிதல்; போட்டியின் முடிவில் கைகள் அவ்வாறே களைத்திருக்கும். எஞ்சிய ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவைத்தல் நலம். பந்து முட்செடியில் சிக்கும், யாரேனும் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்வர், காற்று திடீரெனத் திசை மாறும்.

பிள்ளைகள் சென்றபின், களத்தில் இருள் கவிவதற்குமுன், அதே தாளின் பின்புறத்தில் ஆசிரியர் இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம். இடக்கையால் தட்டுதல் எட்டாம் வகுப்பினருக்கு இன்னும் வரவில்லை. ஆட்டம் முடியுமுன் மாணவியர் இருவர் பேருந்துக்காக ஓட வேண்டியதாயிற்று; நாளை மூவர் ஆட்டத்தை முன்னதாகவும் புதிய பாடத்தைப் பின்னதாகவும் வைத்துப் பார்க்க வேண்டும்.